தொடர்பு நபர்

தாலினில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
நானூற்றுப் பதினோரு கம்பெனிகளோடு இருக்கிறேன்.
கீழே துளையிடும் சத்தம் எழும்போதெல்லாம்
தட்டுகளில் அத்தனையும் சேர்ந்து
பல்லைக் கடித்துக்கொள்வதுபோல் இருக்கும்.

முதலாளி வெளிதேசத்தில் இருந்தால்
அவர் பெயருக்கு வரும் அரசாங்கக் கடிதத்தை
கைநீட்டி வாங்க இங்கே ஓர் உடம்பு வேண்டும்.
அந்த உடம்பு நான். பெயர் ஹெல்வே.
சட்டத்தில் என் பெயர் தொடர்பு நபர்.

முகங்கள் எனக்குத் தெரியாது. வரிகள் தெரியும்.
யார் ஜூன் முப்பதுக்குள் கணக்கு அனுப்புவார்,
யாருடைய கணினி ஆண்டுதோறும்
அதே வாரத்தில் செத்துப்போகும் என்பதும்.

சிசானா கோகோலாட்ஸே, குத்தாயிசி, ஜார்ஜியா.
குழந்தைகளின் குளிர்கோட்டுக்கு
வெட்டுவடிவம் வரைந்து விற்பவள்.
துணி இல்லை, ஊசி இல்லை, பொத்தான் இல்லை.
கோடுகள் மட்டும் போகும், பணம் மட்டும் வரும்.
டென்மார்க்கில் யாரோ ஓர் அப்பா
அச்சடித்து, ஒட்டி, இரவில் தைப்பார்.

தூதரகத்தில் விரல்ரேகை கொடுத்து
ஓர் அட்டையும் இரண்டு ரகசிய எண்ணும் வாங்கி,
சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்தாள்.
"கம்பெனி பிறந்துவிட்டது,
பீன்ஸ் இன்னும் வேகவில்லை" என்று எழுதினாள்.
எனக்கு வந்த கடிதங்களில்
நான் அச்செடுத்து வைத்திருப்பது அது ஒன்றுதான்.

பிறகு வங்கி.
*இந்நாட்டோடு உங்களுக்குள்ள பிணைப்பை விளக்குக.*
உறையைப் பிரித்தேன், படமெடுத்தேன், அனுப்பினேன்.
என்ன எழுதட்டும், என்று கேட்டாள்.
சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை.
சன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று
யாரும் ஏறாமல் நகர்ந்தது.

அவள் எழுதியது ஒரே சொல்:
ஹெல்வே.

வங்கி மறுத்தது. அடுத்ததும் மறுத்தது.
மூன்றாவதாக வில்னியசில் ஒரு நிறுவனம்
எதுவும் கேட்காமல் கணக்குத் திறந்தது.
கேட்காததுதான் பயமாக இருக்கிறது, என்றாள்.

நான்காம் வருட நவம்பரில்
நனைந்த காலணியோடு கதவைத் தட்டினாள்.
நினைத்ததைவிடக் குள்ளம்.
நானும் அப்படித்தான் போலிருக்கிறது;
இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்துக்கொண்டோம்.

"கம்பெனியைப் பார்க்கலாமா?"

இடமிருந்து ஆறாவது தட்டு. கட்டைவிரல் கனத்தில் ஓர் உறை.
கையில் எடுத்தாள். எடை பார்ப்பதுபோல் ஏந்தினாள்.
உள்ளே வங்கியின் இரண்டு மறுப்புகள்,
புள்ளிவிவரத் துறையின் ஒரு கேள்வித்தாள்,
அச்சு மை விற்பவனின் விளம்பரம்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான், என்றேன். மற்றது நீங்கள்.

பத்து நிமிடம் உட்காரலாமா, என்றாள்.
மடிக்கணினியைத் திறந்தாள்.
எண்பத்தாறு சென்டிமீட்டர் குழந்தைக்கான,
தொப்பி வைத்த கோட் ஒன்று
அப்போதுதான் விற்றிருந்தது.
ரசீது போட்டாள். ஒன்பது யூரோ.

கம்பெனியும் அதன் இயக்குநரும்
முதன்முறையாக ஒரே அறையில் இருந்தார்கள்.
கீழே யாருக்கோ பல் பிடுங்கினார்கள்.
நான் தேநீர் கொடுக்க மறந்துவிட்டேன்.

அவள் போனபின் பார்த்தால், மூலையில் குடை.
பச்சை. ஒரு கம்பி வளைந்தது.
எழுதினேன்: உங்கள் குடை இங்கே இருக்கிறது,
தபாலில் அனுப்பினால் பதினெட்டு யூரோ ஆகும்.

பதில் மறுநாள், ரீகா விமான நிலையத்திலிருந்து:
இருக்கட்டும். ஆண்டறிக்கையில்
அசையும் சொத்து என்ற இடத்தில்
நான்கு வருடமாய்ச் சுழியம் போடுகிறேன்.

ஆறாவது தட்டில் வைத்திருக்கிறேன்.
நேற்று மழை. என்னுடையதை வீட்டில் விட்டு வந்திருந்தேன்.
எடுக்கலாமா என்று ஒரு மின்னஞ்சல் எழுதி,
அனுப்பாமல்,
நனைந்துகொண்டே டிராமுக்கு நடந்தேன்.